விலாங்குகளில் பால் அறிதல்

விலாங்குகளில் பால் அறிதல் என்பது அங்குயில்லா பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் விலாங்குகளை ஆண், பெண் எனப் பிரித்தறியும் முறைகளைக் குறிக்கும். ஆற்றில் வாழும் விலாங்கின் புறத்தோற்றத்தைக் கொண்டு அதன் பாலை உறுதிசெய்ய இயலாது. உடற்குழியைத் திறந்து இனப்பெருக்க உறுப்பைக் காண்பதே நம்பகமான வழியாகும். இக்கட்டுரை பெரும்பாலும் ஐரோப்பிய விலாங்கை (அங்குயில்லா அங்குயில்லா) அடிப்படையாகக் கொண்டது.

வாழ்க்கைச் சுழற்சி

ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதியில் பிறக்கிறது. இலை வடிவக் குடம்பிகள் நீரோட்டத்துடன் ஐரோப்பாவை நெருங்கி, ஒளி ஊடுருவும் கண்ணாடி விலாங்குகளாக உருமாறி ஆறுகளில் ஏறுகின்றன. அங்கே பல ஆண்டுகள் மஞ்சள் விலாங்குகளாக வளர்ந்து, பின்னர் வெள்ளி விலாங்குகளாக மாறிக் கடலுக்குத் திரும்புகின்றன. இனப்பெருக்க உறுப்புகள் கரையை விட்டு நீங்கிய பின்னரே முழு முதிர்ச்சி அடைகின்றன. ஆகவே ஆற்றில் பிடிபடும் விலாங்கில் முதிர்ந்த முட்டைகளோ விந்தணுக்களோ காணப்படுவதில்லை. பால் அறிவதில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு இதுவே ஆகும்.

உறுப்புகளின் அமைப்பு

இரு பாலிலும் இனப்பெருக்க உறுப்புகள் இணையாக, உடற்குழியின் மேற்புறச் சுவரையொட்டி, காற்றுப்பையின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் அமைந்துள்ளன.

சூலகம்: திரைச்சீலையின் கொசுவம் போன்று மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அகன்ற நாடா. இதற்குச் சினைக்குழாய் இல்லை. முட்டைகள் நேரடியாக உடற்குழிக்குள் விடுபடுகின்றன.

விந்தகம்: வரிசையாக அமைந்த சிறு மடல்களைக் கொண்ட மெல்லிய பட்டை. மடல்களின் அடியோரமாக விந்துக்குழாய் செல்கிறது. இது முதன்முதலில் விவரித்தவரின் பெயரால் சிர்சுக்கி உறுப்பு எனவும் அழைக்கப்படுகிறது.

இளம் விலாங்குகளில் இவ்வுறுப்பு மெல்லிய இழை போன்றே இருக்கும். பொதுவாக 20 முதல் 30 செ.மீ. நீளத்தை எட்டும்போதே பால் வேறுபாடு தெளிவாகிறது. கண்ணால் முடிவு செய்ய இயலாதபோது, உறுப்பின் சிறு துண்டைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் ஆராய்வர். முட்டையாக வளரும் பெரிய உயிரணுக்கள் தென்பட்டால் அது பெண் எனக் கொள்ளப்படும்.

கண்டுபிடிப்பின் வரலாறு

முட்டையோ விந்தோ காணப்படாததால், விலாங்குகளுக்குப் பாலே இல்லை என்றும், அவை மண்ணிலிருந்து தோன்றுகின்றன என்றும் அரிசுட்டாட்டில் கருதினார். பிற்காலத்தில், விலாங்கின் உடலுக்குள் இருந்த ஒட்டுண்ணிப் புழுக்களை அதன் குஞ்சுகள் என எண்ணியோரும் உண்டு.

1777 ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த கார்லோ மொந்தீனி, மடிப்பு நாடா போன்ற உறுப்பு கொழுப்பன்று, சூலகமே என விளக்கினார். ஆனால் ஆண் விலாங்கு அகப்படவில்லை. ஆய்வாளர்கள் பெரிய விலாங்குகளையே அறுத்துப் பார்த்தனர். பெரியவை அனைத்தும் பெண்களாக இருந்தன. திரியெசுத்து நகரில் பணியாற்றிய சிமோன் சிர்சுக்கி சிறிய விலாங்குகளை ஆராய்ந்து, மடல்களாலான உறுப்பைக் கண்டு 1874 இல் அறிவித்தார்.

அது விந்தகம்தானா என்பதைச் சரிபார்க்க, 1876 இல் வியன்னா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் திரியெசுத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் பின்னாளில் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டு. சுமார் 400 விலாங்குகளை அறுத்தும் அவரால் விந்தணுக்களைக் காண முடியவில்லை. 1877 இல் வெளியான அவரது கட்டுரை உறுதியான முடிவைத் தரவில்லை. 1890களில் இத்தாலியரான கிராசியும் கலாந்துருச்சோவும் மெசினா நீரிணையில் கிடைத்த முதிர்ந்த ஆண் விலாங்கைக் கொண்டு ஐயத்தைத் தீர்த்தனர்.

நீளமும் பாலும்

ஆண்கள் பெரும்பாலும் 45 செ.மீ. நீளத்தை எட்டுமுன்னரே வெள்ளி விலாங்குகளாகிக் கடலுக்குச் சென்றுவிடுகின்றன. பெண்கள் ஆற்றில் நீண்ட காலம் தங்கி, 1 மீட்டர் வரையும் வளரக்கூடும். எனவே 50 செ.மீ.க்கு மேற்பட்டது பெண் எனக் கொள்ளலாம். சிறிய மஞ்சள் விலாங்கைக் கண்டவுடன் ஆண் எனக் கூற முடியாது. அது வளர்ந்துவரும் பெண்ணாகவும் இருக்கலாம்.

பால் முடிவாவதில் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு. நெருக்கமாக வாழும் இடங்களில் ஆண்களும், எண்ணிக்கை குறைந்த இடங்களில் பெண்களும் மிகுதியாக உருவாகின்றன. பண்ணைகளில் வளர்பவை பெரும்பாலும் ஆண்களாவது இதனாலேயே எனக் கருதப்படுகிறது.

பாதுகாப்பில் முக்கியத்துவம்

ஐரோப்பிய விலாங்கு 2008 முதல் மிக அருகிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் உள்ளது. மனிதத் தாக்கம் இல்லாதிருந்தால் கடலுக்குத் திரும்பியிருக்கும் வெள்ளி விலாங்குகளின் எடையில் குறைந்தது 40 விழுக்காடாவது திரும்ப வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் இலக்காகும். ஒரு பெரிய பெண் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தரவல்லது. ஆகவே திரும்புபவற்றின் மொத்த எடையோடு, அவற்றுள் பெண்கள் எத்தனை என்பதையும் அறிவது தேவையாகிறது. அதை அறுத்துப் பார்த்தே அறிவதாயின், காக்க வேண்டிய மீனையே கொல்ல நேரிடும். இக்காரணத்தால் ஆய்வாளர்கள் இயன்றவரை நீளத்தைக் கொண்டு பாலை மதிப்பிட்டு, அறுவை ஆய்வைச் சிறிய எண்ணிக்கையிலான மாதிரிகளோடு நிறுத்திக்கொள்வர்.