ஒலி மறைந்த எழுத்தும் பொருள் மாறிய சொல்லும்

ஆங்கிலத்தில் 'கே', 'என்' என்னும் ஈரெழுத்துகளை முதலாகக் கொண்ட சொற்கள் பல உள. முழங்காலைக் குறிக்கும் 'நீ', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', அறிதலைக் குறிக்கும் 'நோ' என்பன அவற்றுட் சில. இவற்றின் முதலெழுத்து எழுதப்படுகின்றதேயன்றி ஒலிக்கப்படுவதில்லை. ஒலியாத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என மாணவர் வினவுவது இயல்பே. 'மனப்பாடம் செய்' என்பது அதற்கு விடையாகாது. விடை வரலாற்றில் உள்ளது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களின் முதலில் 'க்' ஒலி தெளிவாகக் கேட்டது. 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை நிலைபெறலாயிற்று. நாவோ அச்சுக்குக் கட்டுப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பொதுவழக்கில் அவ்வொலி மறைந்தது. எழுத்து மட்டும் எஞ்சியது. உறவுமொழியாகிய செர்மானியத்தில் முழங்கால் இன்றும் 'க்னீ' என்றே ஒலிக்கின்றது.

இவ்வினத்தைச் சேர்ந்த 'நைட்', 'நேவ்' என்னும் இரு சொற்களின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. இன்று முன்னது வீரப் பெருமகனையும், பின்னது கயவனையும் குறிக்கும். ஆயினும் பழங்காலத்தில் இரண்டுமே சிறுவனைக் குறித்தன. பின்னர்ப் பணியாளையும் குறித்தன. செர்மானியத்தில் 'க்னாபெ' சிறுவனையும், 'க்னெக்ட்' பணியாளையும் குறிப்பது இதற்குச் சான்று.

இருவரும் பணியாளரே, பணி செய்த இடமே வேறு. அரசர்க்கும் பிரபுக்களுக்கும் படைத்தொண்டு புரிந்தவன் குதிரையும் கவசமும் நிலமும் பெற்றான். அவனைச் சுட்டிய சொல் பட்டமாக உயர்ந்தது. சதுரங்கத்தில் நாம் குதிரை என்னும் காய்க்கும் அதுவே ஆங்கிலப் பெயர். ஏவல் செய்த எளியவனோ மேலோர் கண்ணுக்கு நம்பத்தகாதவனாகத் தோன்றினான். அவனைச் சுட்டிய சொல் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. எனினும் பழம்பொருள் உடனே அழியவில்லை. 1400இல் மறைந்த கவிஞர் சாசர், ஆண்மகவைக் குறிக்க 'நேவ்' என்னும் சொல்லையே ஆண்டுள்ளார்.

இவ்வாறு சொல் உயர்வதை உயர்பொருட்பேறு என்றும், தாழ்வதை இழிபொருட்பேறு என்றும் மொழிநூலார் வழங்குவர். தமிழிலும் சிறுவனைக் குறித்த 'பையல்' என்பது 'பயல்' எனத் திரிந்து இகழ்ச்சிக் குறிப்புப் பெற்றது. 'பையன்' என்பதோ இழிவின்றி வழங்குகின்றது.

ஒலியாத எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அறிதலைக் குறிக்கும் 'நோ' என்பதும், வடமொழியின் 'ஞா' என்னும் வினையடியும் ஒரு மூலத்தில் பிறந்தவை. அவ்வடியிற் பிறந்த 'ஞானம்' நம் வழக்கிலும் உள்ளது. உறவைக் காட்டும் அவ்வெழுத்து நீக்கப்பட்டிருப்பின், சொல்லின் பிறப்பை அறிவது அரிதாகியிருக்கும்.

எனவே, சொல்வதெழுதுதலில் இவ்வெழுத்தை விட்டுவிடும் மாணவனுக்குப் பிழையைத் திருத்துவதோடு ஆசிரியர் அமைதல் ஆகாது. அச்சொல்லின் கதையையும் கூறுதல் வேண்டும். எளியோரை உலகம் எவ்வாறு நோக்கியது என்பதையும் அவன் அதன்வழி அறிந்துகொள்வான்.