சர்ப்பகந்தி: ஒரு வேரின் வரலாறு

தில்லித் தமிழர்களாகிய நமக்குக் கரோல்பாக் புதிய இடமன்று. ஆயினும் அங்குள்ள ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியின் பெருமையை நம்மில் பலர் அறியோம். ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய இக்கல்லூரியை 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்த ஒரு வேரின் ஆராய்ச்சிக்கு இதுவே நிலைக்களனாயிற்று.

அவ்வேர் சர்ப்பகந்தி. சிவன் அமல்பொடி என்றும் தமிழில் இதற்குப் பெயருண்டு. பாம்புக்கடிக்கு இது மருந்தென்பது பழைய நம்பிக்கை; நஞ்சை முறிக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று மெய்ப்பிக்கப்படவில்லை. (கடிபட்டவரை மருத்துவமனைக்கே கொண்டு செல்ல வேண்டும்.) இதன் உண்மைப் பயனைப் பீகார் நாட்டுப்புற மக்கள் அறிந்திருந்தனர். 'பாகல் கி தவா', அதாவது பித்தர் மருந்து, என்பதே அவர்கள் இதற்கு இட்ட பெயர்.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கும் என்று எழுதினர். அதே ஆண்டில் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரின் சத்துகளைப் பிரித்தெடுத்து, 1927-இல் மறைந்துவிட்ட ஹக்கீமின் நினைவாக ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். நன்றி மறவாத செயல்! எனினும் மேலைநாடுகள் விழித்தது, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் தம் அனுபவத்தை வெளியிட்ட பிறகுதான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் 'ரெசர்ப்பின்' என்னும் சத்தைப் பிரித்தனர். இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது பெருமருந்தாயிற்று. சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதாலும், புதிய மருந்துகள் வந்ததாலும், பின்னர் அதன் செல்வாக்குக் குறைந்தது.

தாவர நூலார் இச்செடிக்கு வழங்கும் பெயர் ரவோல்பியா. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரவோல்ப் என்பவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. அவரோ இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். பீகார் வைத்தியர் ஒருவர் பெயரும் இச்செடியின் வரலாற்றில் நிலைபெறவில்லை என்பது நமக்கு வருத்தமே.

செடிக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. இலையைக் கொய்தால் செடி பிழைக்கும். வேரைத் தோண்டினால் பிழைப்பதேது? புகழ் பரவப் பரவக் காடுகளில் இச்செடி அருகிற்று. 1990-இல் இதன் பன்னாட்டு வாணிகம் உலக உடன்பாட்டின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விதைகளிலோ பெரும்பாலானவை முளைப்பதில்லை. ஆகவே பயிரிடுவோர் வேர்த்துண்டுகளையும் நட்டு வளர்க்கின்றனர்.