தோட்டப் பள்ளிக்கு வந்த பாடநூல்கள்

மலாய்க் கூட்டு நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின் மீது சுமத்தியது. ஆங்காங்கே கொட்டகைகள் எழுந்தன. எழுத்தறிந்த ஒருவர், சிலவிடங்களில் கங்காணியே, ஆசிரியராக அமர்ந்தார். பிள்ளைகள் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்ற வினாவோ பின்தங்கியே நின்றது.

நூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. மொழிப்பற்று வளர அவை துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை தமிழகத்துப் பிள்ளைகளை எண்ணி எழுதப்பட்டவை. வைகறையில் பெற்றோர் பால்மரம் வெட்டப் புறப்படுவதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு, அவனுடைய உலகை அவை எவ்வாறு காட்டக்கூடும்?

1951இல் பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நடைபெறும் தேசியப் பள்ளிகளையே முன்வைத்தது. தமிழ்ப்பள்ளியின் இருப்பே ஐயத்துக்குள்ளான அவ்வேளையில், நூலின் தரத்தைப் பற்றிப் பேசப் பொழுதேது! 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கைதான், பயிற்றுமொழி எதுவாயினும் எல்லாப் பள்ளிகளுக்கும் மலாயா நோக்குடைய பொதுப் பாடத்திட்டம் வேண்டுமென்றது. அடுத்த ஆண்டின் கல்விச் சட்டம் அதற்கு வடிவம் தந்தது. தமிழையும் இம்மண்ணையும் ஒரே நூலில் தரவேண்டிய பொறுப்பு, அதன்பின் உள்நாட்டு ஆசிரியர்களின் தோளில் ஏறியது.