பழுப்புக் கட்டி பிறந்த கதை

புள்ளலூரில் ஒருவருக்குத் தாடை வீங்கினால் பழி முதலில் பல்லின் மேல்தான் விழும். கிராம்பைக் கடிக்கச் சொல்வார்கள், உப்பு ஒத்தடம் கொடுப்பார்கள். அப்புறம் காஞ்சிபுரத்துக்கு பஸ். பல்லைப் பிடுங்கிய பிறகும் வீக்கம் வற்றாவிட்டால்? எக்ஸ்ரேயில் தாடையெலும்பு கறையான் அரித்த உத்தரம் மாதிரி தெரிந்தால்? வெகு சிலருக்குத்தான் இப்படி வரும். அவர்களுக்கு நோவு தாடையில், குற்றவாளி கழுத்தில்.

தைராய்டின் பின்பக்கம் துவரம்பருப்பு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு பாராதைராய்டு சுரப்பிகள்தான் அந்த ஆசாமிகள். முதலில் அகப்பட்டது மனிதரிடம் அல்ல, ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடம். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849இல் செத்த அதை உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தார். நம்மூர் மிருகம் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மனிதரிடம் கண்டு 1880இல் பெயர் வைத்தவர் ஸ்வீடனின் இவார் சான்ட்ஸ்ட்ரோம்; அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பென்னும் குதிரிலிருந்து அள்ளிப் போடுவது இச்சுரப்பிகளின் வேலை. ஒன்று பருத்து, நிறுத்தாமல் அள்ள ஆரம்பித்தால் குதிர் காலி. காலியான இடத்தில் நார்த்திசுவும் ராட்சத செல்களும் வந்து அடையும், உள்ளே ரத்தம் கசியும். பழைய ரத்தத்தின் இரும்புக் கறை பழுப்பாகத் தெரிவதால்தான் இதற்குப் பழுப்புக் கட்டி என்று பேர். பேர்தான் கட்டி, புற்றுநோய் அல்ல.

பருத்த சுரப்பி நோய்க்குக் காரணமா, விளைவா? வியன்னாவின் யாக்கோப் எர்ட்ஹைம், எலும்பு நலிந்ததால்தான் சுரப்பி பருக்கிறது என்று நம்பினார். அதே ஊர் அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டலும் அதை நம்பி, எலும்பு நொடிந்துபோன ஆல்பர்ட் யானே என்ற டிராம் கண்டக்டருக்கு வேறொருவரின் சுரப்பியை வைத்துத் தைத்தார். பலனில்லை. 1925இல் கழுத்தைத் திறந்து, பருத்திருந்த சுரப்பியை வெட்டி எடுத்தார். வலி விட்டது, மனிதர் நடமாடினார். சுரப்பிதான் காரணம் என்று வழக்கு திரும்பியது.

தாடைக் கட்டியைச் சுரண்டிப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் வேறொரு ராட்சத செல் கட்டியைப் போலவே இருக்கும். அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சுரப்பியை எடுத்தால் பெரும்பாலும் தாடை தானே தேறிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்தப் பழுப்புக் கட்டி வரும். ஆகவே ராட்சத செல் என்று ரிப்போர்ட் வந்தால், தாடையில் கத்தி வைக்கும் முன் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.