மாந்தைக் கரையிற் சங்கறுத்தல்

காட்டில் மான் உதிர்த்த கொம்பு சவரக்கத்திக்குப் பிடியாவதும், கடலில் விளைந்த சங்கு மங்கையர் கைக்கு வளையாவதும் ஓரினத் தொழில்களேயாம். இரண்டிலும் வடிவை இயற்கை முன்னரே வகுத்துவிடுகின்றது. தொழிலாளி அதற்கு இணங்கியே வாளைச் செலுத்தல் வேண்டும். மன்னார்க் கரைக்குச் சிறப்பாக உரியது சங்குத் தொழிலாகும்.

சங்கின் நடுவே ஒரு தண்டு முறுக்கிச் செல்கின்றது. அதனை உடைத்து அகற்றிய பின்னரே உடலைக் குறுக்கே அறுத்து வட்டங்களாக்கலாம். பின்பு உட்புறத்தை மணலிட்டுத் தேய்த்து, வெளிப்புறத்தை அரத்தால் அணிசெய்வர். உயிருடன் குளித்தெடுத்த சங்கே இதற்கு ஏற்றது. அலை ஒதுக்கிய சங்கு வெயிலில் வெளிறிப் புழு அரித்து, வாள் பட்டதும் நொறுங்கும். ஆதலாற் சங்கு குளிப்போன் இன்றிச் சங்கறுப்போன் இல்லை.

இத்தொழிலின் பழைமைக்கு அகநானூற்றின் 24ஆம் பாடல் சான்றாகும். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வளையை அறுத்தெடுத்தபின் எஞ்சிய சங்கின் நுனியை, முறுக்கவிழாத பகன்றை மொட்டுக்குப் புலவர் உவமையாக்குகின்றார். கண்ணிற் பட்டது வளையன்று, கழிவே என்பது நோக்கத்தக்கது. (நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவர் எனக் கூறும் கதை பிற்காலத்தது, எனினும் அத்தொழில் மறக்கப்படவில்லை என்பதை அது காட்டும்.) வரலாற்றாசிரியருக்கும் கழிவே உதவுகின்றது. எதிர்க்கரையிற் கொற்கை, காயல் ஆகிய இடங்களில் அறுத்த சங்குத் துண்டுகளை ஜேம்ஸ் ஹோர்னெல் கண்டெடுத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வு போர்ச்சூழலால் நின்றுபோயிற்று. அங்கு வெளிப்பட்டவற்றுள்ளும் சங்கு உண்டு.

எனவே ஒரு காலத்தில் இக்கடலின் இரு கரைகளிலும் வாளின் ஒலி கேட்டது எனலாம். அது எங்ஙனம் அடங்கிற்று? 6ஆம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், ஈழத்துக்கு எதிரேயுள்ள மரல்லோ என்னும் துறை சங்கை ஏற்றுமதி செய்தது என்கின்றார். போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். 1563இற் கார்சியா தா ஓர்ட்டா, சங்கு வங்காள வணிகத்துக்குரிய சரக்கு என்றும், முன்போல் அது ஊதியம் தருவதில்லை என்றும் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் வங்கம் சென்ற தவேர்னியே, டாக்காவிலும் பட்னாவிலும் ஆமையோட்டிலும் சங்கிலும் காப்புச் செய்வோர் 2000 பேருக்கு மேல் இருந்தனர் என்பர்.

அறுத்த வளை கடற்பயணத்தில் உடையும், முழுச்சங்கு உடையாது. அன்றியும், வங்கத்தில் இந்து மணமகளுக்குச் சங்குவளை இன்றியமையாதது. தமிழ் மகளிரோ பொன்னையும் கண்ணாடியையும் நாடிவிட்டனர். வாங்குவோர் இருந்த இடத்துக்கு வாளும் சென்றது என்று கொள்வதே பொருந்தும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சங்குகுளிப்பு அரசுக்கு வருவாய் ஈட்டிற்று. ஆனால் வளைத்தொழில் மாந்தைக் கரைக்கு மீளவில்லை. டாக்காவின் சாங்காரி பஜாரில் தொழிலாளர் நிலத்திலமர்ந்து, காலால் சங்கைப் பற்றி, பிறைவடிவான கனத்த வாளால் அதனை அறுத்துவந்தனர். 1971 மார்ச்சிற் பாக்கிஸ்தான் படை அத்தெருவிற் புகுந்து பலரைக் கொன்றது. எஞ்சியோருட் பலர் இந்தியாவுக்கு ஓடினர்.