சக்கரம் பழகிய படைவீரர்கள்: மொன்டானா, 1896–97

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1970-களின் கலிஃபோர்னியாவிலிருந்தே தொடங்குகின்றனர். மாரின் வட்டாரத்து இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று ‘ரீபேக்’ என்னும் இறக்கத்தில் முதல் பந்தயம் நடந்தது. பின்சக்கர பிரேக்கிலுள்ள கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்து போக, இறங்கிய பிறகு மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அவ்விறக்கத்துக்கு அப்பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கெனவே புதிய சட்டகம் ஒன்றை உருவாக்கினார். இச்செய்திகளில் பிழையில்லை. ஆயினும் கரடுமுரடான மலைவழியில் சைக்கிள் ஓட்டுவதைத் திட்டமிட்ட பயிற்சியாகக் கற்ற ஒரு குழு, அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. அவர்கள் கறுப்பினப் படைவீரர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் படைப்பிரிவுகள் அமைந்தன. வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். அவற்றுள் ஒன்றான 25-ஆம் காலாட்படையின் ஒரு பகுதி மொன்டானாவின் மிசூலா கோட்டையில் இருந்தது. அங்குப் பணியாற்றிய லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ், 1894-இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் தம் வகுப்பின் கடைசி இடத்தில் தேறியவர். குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும். சைக்கிளுக்கு இரண்டும் வேண்டா, ஓசையும் இல்லை என்பது அவர் வாதம். தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸும் சைக்கிளில் நாட்டம் கொண்டவராதலால் 1896-இல் இசைவு கிடைத்தது. ஸ்பால்டிங் நிறுவனம் வண்டிகளைக் கொடுத்தது.

முதலில் தேர்ந்தவர் எண்மர். எல்லோரும் முன்பே ஓட்டத் தெரிந்தவர்கள் அல்லர். நாள்தோறும் 15 முதல் 40 மைல் வரை ஓட்டப் பயிற்சி நடந்தது. அணிவகுத்து ஓட்டுதல், ஓடையைக் கடத்தல், வேலி தாண்டுதல் ஆகியன தனித்தனிப் பாடங்கள். ஒன்பது அடி உயர வேலியை வண்டியோடு ஏறிக் கடக்க இறுதியில் அவர்களுக்கு 20 நொடி போதுமானதாயிற்று.

ஆகஸ்ட் மாதத்தில் மெக்டொனால்ட் ஏரிவரை சென்று திரும்பிய 126 மைல் பயணம் முதல் தேர்வு. மழை பெய்தது. மொன்டானாவின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடாமல் தடுத்தது. ஆழமான ஓடைகளில், ஒரு கழியில் வண்டியைத் தொங்கவிட்டு இருவர் தோளில் சுமந்து கடந்தனர். இன்று புதிதாகப் பழகுவோருக்குப் பயிற்றுநர் சொல்வன சில உண்டு: மிதிகளைச் சமநிலையில் வை, முழங்காலைத் தளர்த்து, இறக்கத்தில் உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டு போ, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பாதையில் வை. கியர் மாற்றும் வசதியோ அதிர்வு தாங்கும் அமைப்போ இல்லாத வண்டியில், துப்பாக்கியும் போர்வையும் கூடாரத்துணியும் உணவும் ஏற்றிச் சென்றவர்கள் இவற்றைச் சொல்லித்தர ஆளின்றி உடலால் கண்டறிய வேண்டியிருந்தது. எங்கே ஓட்டுவது, எங்கே இறங்கித் தள்ளுவது என்று தீர்மானிப்பதும் அவர்கள் கற்ற திறன்களில் ஒன்று. அதன்பின் அவர்கள் யெல்லோஸ்டோன் வரை சென்று திரும்பினர்.

1897 ஜூன் 14 அன்று 20 வீரர்கள் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நோக்கிப் புறப்பட்டனர். தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். ராக்கி மலைத்தொடரில் கோடையிலும் பனியையும் ஆலங்கட்டி மழையையும் கண்டனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் ஓட்ட முடியாமல் இரயில் பாதையின் கட்டைகள்மீது வண்டியை உருட்டிச் சென்றனர். உவர்நீர் குடித்துப் பலர் நோயுற்றனர். ஜூலை 24 அன்று, 41-ஆம் நாளில், ஊர் சேர்ந்தனர். செயின்ட் லூயிஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வரவேற்றனர். அடுத்த ஆண்டே ஸ்பெயினுடன் போர் மூண்டது. 25-ஆம் படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டது. சைக்கிள் படை கலைந்தது.

இக்கதையை விளையாட்டு வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாக விட்டுவிடாமல் தடுப்பது மிங்கோ சாண்டர்ஸ் என்பவரின் வாழ்க்கை. 1897 பயணத்தில் வீரர்களுக்குத் தலைமை தாங்கிய சார்ஜென்ட் அவர்; முன்னர் நேர்ந்த ஒரு வெடிவிபத்தால் ஒரு கண்ணில் பார்வை குன்றியவர். 1906 ஆகஸ்டில் டெக்சஸின் பிரவுன்ஸ்வில்லில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து ஒருவர் இறந்தார். பழி அங்குத் தங்கியிருந்த 25-ஆம் படையின் வீரர்கள்மீது விழுந்தது. அவர்கள் பாசறையில்தான் இருந்தனர் என்று வெள்ளை அதிகாரிகளே கூறியும் பயனில்லை. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணை மன்றம் எதுவுமின்றி 167 பேரைப் பணிநீக்கம் செய்தார். 26 ஆண்டு பணியாற்றி, ஓய்வூதியத்தை நெருங்கியிருந்த சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். 1970-இல் ஜான் வீவர் எழுதிய ஆய்வுநூல் வெளிவந்த பின், 1972-இல் இராணுவம் அவ்வாணையைத் திருத்தியது. அதற்குள் ஏறத்தாழ எல்லோரும் இறந்துவிட்டிருந்தனர்.

ஆய்வாளருக்கு இங்கு எஞ்சும் சிக்கல் ஆவணங்கள் பற்றியது. இப்பயணங்களை நாம் அறிவது பெரும்பாலும் மாஸின் அறிக்கைகளாலும், 1897-இல் உடன்சென்ற செய்தியாளர் எட்வர்ட் பூஸின் செய்திகளாலும்தான். இருவரும் வெள்ளையர்கள். யெல்லோஸ்டோனின் சுண்ணப் படிவுகள்மீது வண்டிகளோடு வீரர்கள் நிற்கும் ஒளிப்படம் இன்று பல நூல்களில் அச்சாகிறது. அதில் நிற்போரின் சொற்கள் அந்நூல்களில் அரிது. மைல்களும் மணிகளும் எடைகளும் துல்லியமாகப் பதிவாயின. விழுந்தவன் எவ்வாறு எழுந்தான், எதை உணர்ந்து மறுமுறை விழாதிருந்தான் என்பதைக் கேட்டு எழுதுவது யாருடைய பணியாகவும் இருக்கவில்லை. கட்டளையிட்டவரின் சோதனை முயற்சியாக ஆவணம் வகைப்படுத்திய ஒன்றை, கற்றவர்களின் அறிவு வரலாறாகப் படிக்க முயல்வது இத்துறையில் இன்னும் செய்யப்பட வேண்டிய வேலை. மாரின் இளைஞர்களின் புகழ் இதனால் குறையாது. அவர்கள் கதையின் தொடக்க ஆண்டு மட்டும் மாறும்.