மந்தகாலம் பெற்ற மூன்று பனிச்சறுக்கு மலைகள்

மழை பெய்து ஓய்ந்ததும் நம் ஊர் உழவர் "ஓர் உழவு மழை" என்பார், அல்லது "இரண்டு உழவு மழை" என்பார். வானத்திலிருந்து எவ்வளவு கொட்டியது என்பதைவிட, மண்ணில் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கியது என்பதே அவருக்கு முக்கியம். பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களும் இந்த உழவரைப் போன்றவர்களே. எந்த மலை நல்ல மலை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலையின் உயரத்தை முதலில் சொல்லமாட்டார்கள்; அங்கே விழும் பனி எத்தகையது என்றுதான் பேசத் தொடங்குவார்கள்.

மார்கழிக் காலையில் புல்நுனியில் நாம் காணும் பனி வெறும் நீர்த்துளி. இங்கே நாம் பேசுவது வேறு; மேகத்திலேயே படிகமாகிப் பஞ்சு போல் இறங்கும் வெண்பனி. இதிலும் கனமானது உண்டு, இலேசானது உண்டு. ஒரு மீட்டர் உயரம் விழுந்த புதுப்பனியை உருக்கினால் எவ்வளவு நீர் கிடைக்கும்? கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். உட்டா மாநிலத்தின் ஆல்ட்டா என்னும் இடத்திலோ 8 சென்டிமீட்டர் அளவுதான். மீதி முழுவதும் காற்று! இந்த நான்கு சென்டிமீட்டர் வேறுபாட்டுக்காக ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற மூன்று இடங்களை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். வடகிழக்கே வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ, மேற்கே ஐடஹோவின் சன் வேலி, உட்டாவின் ஆல்ட்டா ஆகியவையே அவை. இம்மூன்றின் சுவையும் வேறு வேறு. ஆனால் மூன்றும் பிறந்த வேளை ஒன்று. 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் கோடிக்கணக்கானோர் வேலை இழந்து நின்ற 1930-களில், ஏழெட்டு ஆண்டு இடைவெளிக்குள் இவை உருவாயின. பசி மிகுந்த காலத்தில் விளையாட்டு மலைகள் எப்படி முளைத்தன? வியப்பாக இருக்கிறதல்லவா?

கோடரியால் பிறந்த மலை

முதலில் ஸ்டோவுக்குச் செல்வோம். அங்குள்ள மான்ஸ்ஃபீல்டு மலைதான் வெர்மான்டில் உயர்ந்தது. ஆனாலும் 1,339 மீட்டர்தான். நம் ஏற்காட்டை நினைத்துக்கொண்டால் உயரம் பிடிபடும். மலை முழுவதும் அடர்ந்த காடு. காட்டுக்குள் சறுக்க முடியாது. பாதை வெட்டியாக வேண்டும். வெட்டுவது யார்?

1933-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காக ஒரு வனப் பணிப்படையை அமைத்தார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். வெர்மான்டின் வனத்துறைத் தலைவராக இருந்த பெரி மெரில் இந்த ஆட்களைக் கொண்டு மான்ஸ்ஃபீல்டு மலையில் சறுக்குப் பாதைகள் வெட்ட ஏற்பாடு செய்தார். பாதை எந்த வளைவில் போகவேண்டும் என்று குறித்துக் கொடுத்தவர் சார்லி லார்ட். இவர் நெடுஞ்சாலைப் பொறியாளர். மந்தத்தில் வேலை போனவர். சாலை போடத் தெரிந்த கை சறுக்குப் பாதை போட்டது. எதிர்பாராத திருப்பங்களும் குறுகலான இறக்கங்களும் கொண்ட அந்தப் பாதைகள்தான் இன்றளவும் ஸ்டோவின் கவர்ச்சி. கைவெட்டுப் பாதை மலையின் உடம்பை ஒட்டி வளையும். பிற்காலத்தில் புல்டோசர் வெட்டிய அகன்ற பாதைகளில் அந்தச் சுவை இல்லை என்பது பலரின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இறங்குவது சுகம், ஏறுவது? தொடக்கத்தில் நடந்துதான் ஏறினார்கள். ஒரு முறை இறங்க இரண்டு மணி நேரம் ஏறினாலும் வியப்பில்லை. 1934 ஜனவரியில் இதே மாநிலத்தின் உட்ஸ்டாக் என்னும் ஊரில், ஒரு மேய்ச்சல் மேட்டில், பழைய ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சினைக் கொண்டு முடிவில்லாத வளையமாகக் கயிறு ஒன்றைச் சுழலவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது மேலே இழுத்துச் செல்லும். கனடாவின் கியூபெக்கில் கண்ட முறை இது. கையுறை கிழிந்தது, தோள் வலித்தது. ஆனாலும் கூட்டம் வந்தது. ஸ்டோவில் 1940-இல் ஒருவர் மட்டும் அமரும் கம்பிவட நாற்காலி வந்தது.

வெர்மான்டின் பனியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அது நல்ல பனி என்று அதன் அன்பர்களே சொல்வதில்லை! அட்லாண்டிக் கடல் அருகில் இருப்பதால் குளிர்காலத்தின் நடுவிலும் திடீரென்று மழை பெய்யும். மறுநாள் எல்லாம் உறைந்து பாளமாகிவிடும். பட்டையின் ஓரத்தில் எஃகு விளிம்பு இல்லாவிட்டால் அங்கே பிடிப்பே கிடைக்காது. 1920-களில் ஆஸ்திரியாவில் தோன்றிய இந்த எஃகு விளிம்பு மிக வேண்டியிருந்த இடங்களில் ஒன்று இது. "இங்கே சறுக்கக் கற்றவன் எங்கும் சறுக்குவான்" என்னும் பெருமை அங்குள்ளவர்களுக்கு உண்டு. குறையையே பெருமையாக்கிக்கொள்வது எல்லா ஊருக்கும் பொதுதானே!

ஸ்டோவுக்குத் தெற்கே உள்ள மேட் ரிவர் கிளென் என்னும் மலையை 1995 முதல் சறுக்குபவர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். 1948-இல் அமைந்த அதன் ஒற்றை நாற்காலி வடம் பழுதடைந்தபோது, பலர் அமரும் புது வடம் போடாமல் 2007-இல் அந்த ஒற்றையையே புதுப்பித்தார்கள். ஒற்றை நாற்காலியில் குறைந்த ஆட்களே மேலே போவார்கள். எனவே பாதையில் நெரிசல் இராது. இது நல்ல கணக்குத்தான்.

ரயில் கட்டிய ஊர்

சன் வேலியின் கதை முதலாளியின் கதை. மந்தத்தால் ரயில் பயணிகள் குறைந்தனர். யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவரெல் ஹாரிமன் ஒரு வழி தேடினார். 1932-இல் லேக் பிளாசிடில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் மக்களிடம் பனிச்சறுக்கு ஆசையைக் கிளப்பியிருந்தது. தம் ரயில் போகும் திசையில் ஒரு சறுக்கு ஊரைக் கட்டினால் என்ன? இடம் தேட ஆஸ்திரியாவிலிருந்து ஃபெலிக்ஸ் ஷாஃப்கோட்ச் என்னும் பிரபுவை வரவழைத்தார். அவர் 1935-36 குளிர்காலத்தில் மேற்கு மாநிலங்களின் மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் ஐடஹோவின் கெச்சம் என்னும் ஊரைத் தேர்ந்தார். சுரங்கம் ஓய்ந்து, செம்மறியாட்டை நம்பியிருந்த சிற்றூர் அது. மரமற்ற வழவழப்பான சரிவுகள், காற்றைத் தடுக்கும் சுற்றுமலைகள், நிறைய வெயில், அருகிலேயே ரயில்.

அந்த ஊரின் கம்பிவட நாற்காலிதான் உலகிலேயே முதலாவது. அதை வகுத்தவர் ஜேம்ஸ் கரன் என்னும் ரயில்வே பொறியாளர். பனிச்சறுக்குக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அதற்கு முன் அவர் அமைத்தது என்ன தெரியுமா? வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் எந்திரம்! சுற்றிக்கொண்டே இருக்கும் வடத்தில் கொக்கிகள், கொக்கியில் தார்கள். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால், தாருக்குப் பதில் மனிதன் போகலாமே என்று அவருக்குத் தோன்றியது. பழனியில் ரோப் காரில் ஏறியவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். ஒரே சிக்கல்: நிற்காமல் வரும் நாற்காலி எந்த வேகத்தில் வந்தால் ஆள் விழாமல் உட்காரலாம்? கோடையில் ஓமஹா நகரத்தில் பனி ஏது? ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி ஓட்டினார்கள். சறுக்குப் பட்டையுடன் வைக்கோல் மேல் நிற்க வைத்தும், பிறகு காலில் உருளைச் சக்கரம் மாட்டியும் சோதித்து வேகத்தைக் கண்டார்கள்.

1936 டிசம்பரில் ஆடம்பர விடுதி திறக்கப்பட்டது. விருந்தினர்கள் வந்தார்கள், பனி மட்டும் வரவில்லை! பனி விழும்வரை அனைவரும் தம் விருந்தாளிகளாகத் தங்கலாம் என்று ஹாரிமன் அறிவிக்க வேண்டியதாயிற்று. 'வெயில் பள்ளத்தாக்கு' என்று பெயர் சூட்டிய ஊர் வெயிலைத்தான் முதலில் கொடுத்தது. இந்தக் குறை இன்றும் உண்டு. ஆல்ட்டாவின் பனியில் பாதிகூட அங்கே விழுவதில்லை. செயற்கைப் பனிதான் பெருமளவு கைகொடுக்கிறது. ஆயினும் 2,789 மீட்டர் உயரமுள்ள பால்டி மலையின் நீண்ட, ஒரே சீரான இறக்கத்துக்கு ஈடு குறைவு என்பார்கள்.

செயற்கைப் பனியும் ஒரு நல்ல கதை. 1950 மார்ச்சில் கனெக்டிகட்டில் வேன் பியர்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும், அழுத்திய காற்றையும் நீரையும் ஒரு குழலில் சேர்த்துப் பீச்சினார்கள். அழுத்தம் விடுபட்டு விரியும் காற்று குளிரும்; நுண்துளிகள் கீழே விழுமுன் உறைந்துவிடும். ஆனால் இது விண்மீன் வடிவப் படிகம் அல்ல, சிறு ஐஸ் மணிதான். சறுக்கலாம், மிதக்க முடியாது.

வெள்ளி போய் வெண்பனி

மிதக்க வேண்டுமானால் ஆல்ட்டாவுக்குத்தான் போகவேண்டும். சால்ட் லேக் நகரத்தை அடுத்த ஒரு குறுகலான மலைப்பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது இது. 1870-களில் வெள்ளிச் சுரங்க ஊராகப் பெருகி, வெள்ளி விலை விழுந்ததும் தேய்ந்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கச் சரிவிலிருந்த மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். மரம் போனபின் பனியைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது? பனிச்சரிவுகள் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போயின. 1885-இல் ஒரு பெருஞ்சரிவு ஊரைச் சிதைத்தது. 1930-களில் அங்கே எஞ்சியிருந்தவர் ஜார்ஜ் வாட்சன் ஒருவரே எனலாம். தம்மை ஆல்ட்டாவின் மேயர் என்று சொல்லிக்கொள்வார்! வரி கட்ட வழியின்றி அவர் தம் நிலத்தின் மேற்பரப்பு உரிமையை வனத்துறைக்கு விட்டுக்கொடுத்தார். நார்வேயில் பிறந்த புகழ்பெற்ற சறுக்கு வீரர் ஆல்ஃப் எங்கன் வனத்துறைக்காக இடத்தைப் பார்வையிட்டுப் பரிந்துரைத்தார். 1938-39 குளிர்காலத்தில் முதல் நாற்காலி ஓடியது. கைவிடப்பட்ட சுரங்கத்தில் தாது இறக்கப் பயன்பட்ட வடத்தின் பாகங்களைக் கொண்டே அதை அமைத்திருந்தார்கள். ஒரு முறை ஏறக் கட்டணம் 25 சென்ட்.

மூன்று இடங்களில் மிகத் தெற்கே இருப்பது ஆல்ட்டா. ஆனால் பனி அதிகம் விழுவதும் அங்கேதான். ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 13 மீட்டர்! பசிபிக்கிலிருந்து வரும் புயல் வழியில் பல மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டுக் குளிர்ந்து வருகிறது. சால்ட் லேக் சமவெளி 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதையொட்டி வாசாட்ச் மலை 3,300 மீட்டருக்கு மேல் சுவர்போல் எழுகிறது. காற்று மேலேறக் குளிர்கிறது, பனி கொட்டுகிறது. படிகத்தின் வடிவம் வெப்பநிலையையும் ஈரத்தையும் பொறுத்தது என்பதை ஜப்பானிய அறிஞர் உகிச்சிரோ நகாயா ஆய்வுக்கூடத்தில் காட்டினார். சன் வேலி திறந்த அதே 1936-இல், முயல் மயிர் ஒன்றின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தவர் அவர். கழித்தல் 15 டிகிரி செல்சியஸை ஒட்டிய மேகத்தில் கிளை விரித்த விண்மீன்கள் பிறக்கும். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்போது நடுவில் காற்று தங்குகிறது.

அருகிலுள்ள உப்பு ஏரிதான் இதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். உப்பு மிகுதியால் உறையாத அந்த ஏரி புயலுக்கு ஈரம் ஊட்டுவது உண்மையே. ஆனால் குளிர்காலப் பொழிவில் அதன் பங்கு இருபதில் ஒன்று அளவுதான் என்று வானிலை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரிய இரகசியம் வரிசையில் இருக்கிறது. புயலின் தொடக்கத்தில் சற்றே கனத்த பனி, குளிர் கூடக்கூட இலேசான பனி. கனமானது அடியில் மெத்தையாகிறது. இலவம்பஞ்சு மேலே கிடக்கிறது. பட்டை அதில் மூழ்கிப் புதையாமல் மிதந்து செல்கிறது.

ஆனால் மக்களை இழுக்கும் அந்தப் பனிதான் பள்ளத்தாக்கில் சரிந்து விழுவதும். ஆல்ட்டாவுக்குப் போகும் ஒரே சாலையை அறுபதுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் குறுக்கிடுகின்றன. இரண்டாம் உலகப்போரில் மலைப்படையில் இருந்த மான்டி அட்வாட்டர் 1945-இல் இங்கே வனத்துறைப் பணியில் சேர்ந்து, பனியை அளந்து அளந்து சரிவை முன்னறிய முயன்றார். சேர்ந்த பனி தானாக விழக் காத்திராமல், ஆள் இல்லாத வேளையில் வெடிவைத்தும் பீரங்கியால் சுட்டும் விழச்செய்தார். பனிச்சரிவு ஆராய்ச்சி அமெரிக்காவில் வேரூன்றியது இந்தச் சிற்றூரில்தான். அபாயம் மிகும்போது யாரும் வெளியே வரக்கூடாது என்று அங்கே இன்றும் ஆணை பிறக்கும். 2021 பிப்ரவரியில் இரண்டு நாட்களுக்கு மேல் அனைவரும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள்.

மூன்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்பீர்கள். இளைஞருக்கு ஸ்டோ ஆசான். குடும்பத்தோடு போகிறவருக்குச் சன் வேலி வசதி. பனியை மட்டும் தேடுகிறவருக்கு ஆல்ட்டா. கெச்சத்துக்கு விருந்தினரைக் கொண்டுவந்த ரயில் இன்று இல்லை. தண்டவாளம் கிடந்த தடத்தில் சைக்கிள் விடுகிறார்கள். வெர்மான்டில் குளிர்காலத்தின் இரு முனைகளும் தேய்ந்து வருகின்றன. ஆல்ட்டாவின் கவலை சற்றே வேறு. ஆறுகளின் நீர் வயலுக்கும் நகரத்துக்கும் திருப்பப்படுவதால் உப்பு ஏரி சுருங்கி, 2022 நவம்பரில் அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் காணாத தாழ்நிலைக்கு இறங்கியது. வறண்ட ஏரிப்படுகையின் புழுதி மலைப்பனி மேல் படிந்தால் வெண்மை மங்கும். வெயிலை உறிஞ்சிப் பனி முன்னதாகவே உருகும். அதே குளிர்காலத்தில்தான், 2022-23-இல், ஆல்ட்டாவில் 903 அங்குலம், ஏறத்தாழ 23 மீட்டர், பனி கொட்டியது. உருகிய நீர் ஓடையில் இறங்கி, ஜோர்டான் ஆற்றில் சேர்ந்து, அந்த ஏரிக்கே போயிற்று. மலையெங்கும் உருகிவந்த நீரால் 2023 கோடையில் ஏரி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்ந்திருந்தது.